கில் ஸ்காட்-ஹெரன் மாதிரி மதுரைப் பக்கம் யாராவது இருந்தார்களா?

மதுரையில் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “கில் ஸ்காட்-ஹெரன் என்கிற அமெரிக்கக் கறுப்பினப் பாடகரை இப்போதுதான் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். பாட்டு என்றும் சொல்ல முடியவில்லை, பேச்சு என்றும் சொல்ல முடியவில்லை. ஆனால் முழுக்க ஊர் நியாயம். நம்ம பக்கம் இப்படி யாராவது இருந்தார்களா? இருந்தால், அவர்களால் இன்று மிச்சம் என்ன?”

இருந்தார்கள் தம்பி, ஒரு வரிசையே இருந்தது. நீங்கள் பேருந்தில் தாண்டிப் போகும் திருமங்கலத்திலேயே அதில் ஒருவர் வாழ்ந்தார். ஆனால் இரண்டாவது கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

முதலில் உங்கள் ஆளைப் பற்றி, தெரியாதவர்களுக்காக. கில் ஸ்காட்-ஹெரன் 1949-ல் சிகாகோவில் பிறந்தவர், டென்னசி மாநிலத்து ஜாக்சன் ஊரில் பாட்டியிடம் வளர்ந்தவர். 1970-ல் வந்த அவருடைய முதல் இசைத்தட்டுக்கு, நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில் உள்ள ஒரு தெருச் சந்திப்பின் பெயர்தான் தலைப்பு. பெரும்பாலும் கைத்தாளம் பின்னால் ஓட, இவர் கவிதை சொல்லிக்கொண்டு போகிறார். அதில் ஒன்று நிலாவில் மனிதன் கால் வைத்ததைப் பற்றியது. தங்கச்சியை எலி கடித்துவிட்டது, வைத்தியத்துக்குக் காசில்லை, வெள்ளைக்காரனோ நிலாவில் நிற்கிறான். மொத்தக் கவிதையும் இந்த ஒரு முடிச்சுதான். புரட்சி தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகாது என்ற அவருடைய கவிதை வாசகம் பிறகு உலகம் முழுக்கச் சுவரில் எழுதப்பட்டது. ராப் இசைக்கு ஞானத்தந்தை என்று மற்றவர்கள் சொன்னபோது அவர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. நான் புளூஸ் (கறுப்பின மக்களின் சோகப் பாட்டு மரபு) படிப்பாளி, அவ்வளவுதான் என்ற மாதிரி ஒரு பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டார். பிற்காலத்தில் போதைப் பழக்கத்தில் விழுந்து சிறைக்கும் போனார். 2011 மே மாதம் இறந்தார். குடியின் கொடுமையைப் பாடியவரையே போதை பிடித்தது என்பதை அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் மறைப்பதில்லை. நாமாக இருந்தால் மணிமண்டபம் கட்டும்போதே அதை வெள்ளையடித்திருப்போம். சரி, அது இருக்கட்டும்.

அந்த நிலாக் கவிதைக்கு நாற்பது ஐம்பது வருஷம் முன்னால், மதுரைச் சீமை நாடக மேடையில் ஒரு வெள்ளைக் கொக்கு பறந்தது.

வள்ளி திருமணம் நாடகம் தெரியும்தானே? வள்ளி தினைப்புனத்தில் பரண் மேல் நின்று ஆலோலம் பாடிப் பறவை விரட்டுவாள். அந்தக் காட்சியில் பாட ‘கொக்கு பறக்குதடி பாப்பா’ என்று ஒரு பாட்டு வந்தது. கேட்கிறவர்களுக்குக் கொக்கு யார் என்று விளக்க வேண்டியதில்லை. வெள்ளையாக இருக்கிறது, கடல் தாண்டி வந்திருக்கிறது, நம் வயலில் மேய்கிறது. பாட்டை எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். மேடை மேடையாகக் கொண்டுபோனவர் எஸ். எஸ். விசுவநாததாஸ்.

விசுவநாததாஸ் 1886-ல் சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வளர்ந்தவர். மருத்துவர் சமூகம், அதாவது ஊர் நாவிதர் குடும்பம். தென்மாவட்டங்களில் இந்தச் சமூகத்தாரிடம் கத்தரிக்கோலோடு நாட்டு வைத்தியமும் மேளமும் நாயனமும் சேர்ந்தே இருந்தன. குரல் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டாம். ஆனால் ராஜபார்ட்டாக, அதாவது கதாநாயகனாக, அவர் கிரீடம் வைத்து நின்ற மேடையிலேயே, அவர் சாதியைச் சொல்லி உடன் நடிக்க மறுத்தவர்களும் இருந்தார்கள். அவரைத் தேசியப் பாடகராக மட்டும் கொண்டாடுகிறவர்கள் இந்த இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. வெள்ளைக்காரனை எதிர்த்துப் பாடியதற்குக் கைதட்டிய கூட்டத்தில் ஒரு பகுதி, அவரைத் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார விட்டிருக்காது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் எங்கே நின்று பாடினார் என்பது புரியும்.

காந்தி இயக்கம் வந்த பிறகு அவர் கதர்தான் கட்டினார். பஞ்சாபில் நடந்த படுகொலையைப் பாடினார், ராட்டையைப் பாடினார், கள்ளுக்கடையைத் திட்டிப் பாடினார். 29 முறை சிறை சென்றவர் என்பது அவரைப் பற்றிய எல்லா எழுத்திலும் வரும் கணக்கு. 1940 டிசம்பர் 31 இரவு, சென்னை ராயல் தியேட்டர் மேடையில், முருகன் வேடத்தில் மயில் மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் போனது. 54 வயது.

இத்தனை முறை பிடித்துப் போட்டும் ஏன் பாட்டை நிறுத்த முடியவில்லை? இந்த இடத்தில் ஸ்பெஷல் நாடகம் என்ற அமைப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உங்கள் தலைமுறைக்கு இது கோயில் திருவிழா நோட்டீஸில் பார்க்கும் வார்த்தை மட்டும்தான்.

ஸ்பெஷல் நாடகத்துக்கு நிலையான கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், கதாநாயகியான ஸ்த்ரீபார்ட் வேறு ஊரிலிருந்து, கோமாளியான பபூன் இன்னொரு ஊரிலிருந்து, ஆர்மோனியமும் மிருதங்கமும் மதுரையிலிருந்து. அன்று சாயங்காலம்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஒத்திகையே இல்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடிய விடிய ஆட்டம். இது எப்படி முடிகிறது? எல்லாருக்கும் ஒரே பாடம் மனப்பாடம். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்துவிட்டுப் போன நாடகங்கள். 1867-ல் தூத்துக்குடிப் பக்கம் பிறந்த அவர், 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பின்னாளில் பேர் வாங்கிய டி. கே. எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்து பழகியது அங்கேதான்.

சுவாமிகளின் நாடகம் எலும்புக்கூடு மாதிரி. பாட்டு வரிசை தெரியும், காட்சி வரிசை தெரியும். சதை அன்றன்றைக்கு நடிகர்கள் போடுவது. அதிலும் வள்ளிக்கும் நாரதருக்கும் ஒரு தர்க்கம் வரும் பாருங்கள், அது முழுக்க நேருக்கு நேர் மோதல். நாரதர் ஒரு கேள்வி போட, வள்ளி வசனத்திலேயே மடக்க, உடனே அதைப் பாட்டில் தூக்க, ஆர்மோனியக்காரர் அதே சுருதியில் பிடித்துக்கொள்ள, மணிக்கணக்கில் போகும். பேச்சு எங்கே முடிந்தது, பாட்டு எங்கே தொடங்கியது என்று பிரிக்க முடியாது. உங்கள் ஸ்காட்-ஹெரன் செய்வதைப் பாட்டும் இல்லை பேச்சும் இல்லை என்று எழுதியிருந்தீர்களே, இங்கே அதற்குப் பெயர் தர்க்கம். சின்ன வயதில் சாக்கை விரித்து உட்கார்ந்து பார்த்தபோது எனக்கு அதில் பாதி புரியவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர்கள் சிரிக்கும் இடத்தில் நானும் சிரித்து வைப்பேன்.

இப்போது போலீஸ் பக்கத்திலிருந்து பாருங்கள். நாடகங்களை அடக்க 1876-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். நாடகத்தில் ராஜத் துரோகம் இருந்தால் தடை செய்யலாம். ஆனால் எந்த நாடகத்தைத் தடை செய்வது? வள்ளி திருமணத்தையா? பிரதியை வாங்கிப் படித்தால் முருகனும் வள்ளியும் நாரதரும்தான் இருப்பார்கள். கொக்கு அன்றைக்கு ராத்திரி மட்டும் வரும், மறுநாள் வேறு ஊரில் வேறு மாதிரி வரும். அதனால் பாட்டைப் பிடிக்க முடியாமல் பாடுகிறவரைப் பிடித்தார்கள். அவர் வெளியே வந்ததும் அடுத்த ஊர் நோட்டீஸில் பெயர் போட்டுவிடும்.

ஒருவர் துணிச்சலால் மட்டும் ஆன காரியம் இல்லை இது என்பதற்காகத்தான் இவ்வளவு நீட்டினேன். அந்தக் கலை வடிவத்திலேயே ஒரு காலி இடம் விட்டு வைத்திருந்தார்கள். அன்றைய சங்கதியை அன்றைக்கே சொருகிக்கொள்ளும் இடம். விசுவநாததாஸ் தைரியமாக அதில் போய் நின்றார்.

பாஸ்கரதாஸைப் பற்றித் தனியாக ஒரு பதிலே எழுதலாம். 1892-ல் பிறந்தவர், இயற்பெயர் வெள்ளைச்சாமி. வெள்ளையனை விரட்டப் பாட்டு எழுதியவருக்கு இப்படி ஒரு பெயர்! நாகலாபுரத்துக்காரர், மதுரையில் இருந்து எழுதியவர். 1931-ல் முதல் தமிழ் பேசும்படமாகக் ‘காளிதாஸ்’ வந்தபோது, டி. பி. ராஜலட்சுமி அதில் பாடிய ராட்டைப் பாட்டு இவருடையது. காளிதாசன் கதையில் காந்தி ராட்டைக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. நாடகக் கொட்டகையில் பழகிய ஜனங்கள்தானே, சொருகல் அவர்களுக்குப் புதிதில்லை. தமிழ் சினிமா பேச ஆரம்பித்த அன்றே கதைக்குச் சம்பந்தமில்லாத அரசியல் பாட்டும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பாஸ்கரதாஸின் நாட்குறிப்புகளை அவருடைய பேரன், நாடக இயக்குநர் முருகபூபதி தொகுத்து வெளியிட்டிருக்கிறார். எழுத்தாளர்கள் தமிழ்ச்செல்வனும் கோணங்கியும் பாஸ்கரதாஸுக்குப் பேரன்கள்தான் என்பது பலருக்குத் தெரியாது.

அடுத்தவரைப் பற்றிச் சொல்லத் தேனி பக்கம் போக வேண்டும். 1996-ல் தேனி தனி மாவட்டமாகும் வரை அதுவும் மதுரை மாவட்டம்தான், அதனால் கணக்கில் வரும்.

பண்ணைப்புரம் பாவலர் வரதராஜன். இளையராஜாவின் அண்ணன் என்று சொன்னால்தான் இன்றைக்குத் தெரிகிறது. ஒரு காலத்தில் நிலைமை தலைகீழ், பாவலர் தம்பி என்றுதான் ராசையாவை, அதாவது இளையராஜாவை, சொல்வார்கள். கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடியவர். ஜனங்கள் வாயில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சினிமா மெட்டை எடுத்துக்கொள்வார், வார்த்தையை மட்டும் மாற்றுவார். அப்போது காங்கிரஸ் சின்னம் நுகத்தடியில் பூட்டிய இரட்டைக் காளை. விடுவாரா? அந்த மாடுகளைக் கேலி செய்தே ஒரு பாட்டுக் கட்டினார். தம்பிகள் கூட நின்று பாடினார்கள். குரல் உடையாத வயதில் பெண் குரல் பகுதியெல்லாம் ராசையாவுக்கு. அண்ணனுடைய ஆர்மோனியத்தைத் தொட்டதற்கு அடி வாங்கியதை இளையராஜாவே பலமுறை சொல்லியிருக்கிறார்.

1958-ல் கேரளத்தில் தேவிகுளம் இடைத்தேர்தல். அப்போது அங்கே ஆண்ட இ. எம். எஸ். நம்பூதிரிபாடின் கம்யூனிஸ்ட் அரசாங்கத்துக்கு அது மானப் பிரச்சினை, கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். ஓட்டுப் போடுகிறவர்களில் பெரும் பகுதி தேயிலைத் தோட்டத்துத் தமிழர்கள், போடி மலை ஏறிப் போன நம் பக்கத்துக் குடும்பங்கள். அவர்களிடம் மலையாளத்தில் பேசி என்ன ஆகும்? பாவலர் சகோதரர்கள் லயம் லயமாக, அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசை வரிசையாக, போய்ப் பாடினார்கள். ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். அந்த வெற்றியில் பாட்டுக்காரர்களுக்கும் பங்குண்டு என்று அப்போதே பேசப்பட்டது. பாவலர் கூப்பிடப்பட்டதற்குக் காரணம் கட்சி விசுவாசம் மட்டும் இல்லை என்பது என் எண்ணம். இவர்களுடைய அப்பா ராமசாமி தோட்டத்தில் கங்காணியாக, அதாவது தொழிலாளர்களின் மேஸ்திரியாக, இருந்தவர். லயத்து வாழ்க்கை எப்படி இருக்கும், எந்தச் சொல் அங்கே சுருக்கென்று தைக்கும் என்று அந்த வீட்டுக்குத் தெரியும்.

பாவலர் 1973-ல் இறந்தார். மூன்று வருஷம் கழித்து இளையராஜாவின் முதல் படமான ‘அன்னக்கிளி’ வந்தது. தம்பிகள் பிறகு ஆரம்பித்த படக் கம்பெனிக்குப் பாவலர் கிரியேஷன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். ‘அலைகள் ஓய்வதில்லை’ பட டைட்டிலில் அந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். யார் அந்தப் பாவலர் என்று யோசித்திருக்க மாட்டீர்கள், நானும் அந்த வயதில் யோசிக்கவில்லை.

இங்கே ஒரு வித்தியாசம் கவனிக்க வேண்டியது. ஸ்காட்-ஹெரனின் குரல் இசைத்தட்டில் இருந்தது. அடுத்த தலைமுறை ராப் பாடகர்கள் அந்தக் குரலை அப்படியே வெட்டி எடுத்துத் தங்கள் தாளத்தில் வைத்துக்கொண்டார்கள். பாவலர் செய்தது இதற்கு நேர் எதிர்: ஊரான் மெட்டு, சொந்த வார்த்தை. அப்படிச் செய்கிறவருடைய பாட்டு சீக்கிரம் பரவும், சீக்கிரம் கரையவும் செய்யும். தேர்தல் முடிந்து, சின்னமும் மாறிவிட்டால், மெட்டு மறுபடி சினிமாவுக்கே போய்விடும். எழுதியவரிடம் எதுவும் தங்காது. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்ட மாதிரியும் தெரியவில்லை. அன்றைய கூட்டத்துக்கு அன்றைய பாட்டு, அவ்வளவுதான்.

மூன்றாவது, எழுதியவர் ஒருவர், பாடியவர் ஒருவர். கீழக்கரையில் பிறந்த சாகுல் அமீது என்ற இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’வை நீங்கள் நிச்சயம் கேட்டிருப்பீர்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்களே, அந்த நெருப்பு அந்தப் பாட்டுக்குப் பின்னால் எரிகிறது. அதைத் தன் தொண்டையால் தமிழ்நாடு முழுக்கத் தூக்கிக்கொண்டு போனவர் கே. ஏ. குணசேகரன். இளையான்குடி பக்கம் மாரந்தைக்காரர், மதுரையில் படித்தவர், நாட்டுப்புறக் கலைகளை ஆராய்ந்தவர், ‘தன்னானே’ கலைக்குழுவை நடத்தியவர். தலித் வாழ்க்கையைத் தன் வரலாறாக ‘வடு’ என்று எழுதினார். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் அவர் நாடகம் சொல்லிக்கொடுத்த துறையின் பெயர் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளி. சாமியார் போட்ட கோடு எங்கே போய் முட்டுகிறது பாருங்கள்.

குணசேகரன் 2016 ஜனவரியில் போனார், இன்குலாப் அதே வருஷம் டிசம்பரில். இன்குலாப் இறந்த பிறகு அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது அறிவித்தார்கள். குடும்பத்தார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவரே உயிரோடு இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார் என்று அவரைப் படித்த யாரும் ஊகிக்கலாம்.

‘மனுசங்கடா’ ஏன் கரையவில்லை, பாவலர் பாட்டுகள் ஏன் கரைந்தன? நான் நினைப்பது இது. பாவலர் ஒரு சின்னத்தை, ஒரு தேர்தலைப் பிடித்தார். இன்குலாப் பிடித்த விஷயம் இன்னும் தீர்ந்தபாடில்லை, அதனால் பாட்டுக்கும் ஓய்வில்லை. இன்னொன்று, குணசேகரன் அதை ஒலிநாடாவிலும் பாடி வைத்தார். டீக்கடை டேப் ரெக்கார்டரில் ஓடி, ராத்திரி முழுக்க நடக்கும் கலை இரவு மேடைகளில் ஓடி, போராட்டப் பந்தலில் பறையோடு ஓடி, எழுதியவர் பெயர் தெரியாதவர்கள் வாய்க்கும் போய்ச் சேர்ந்தது. கலை இரவு என்றதும் ஞாபகம் வருகிறது. அதை நடத்துகிற முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1975-ல் மதுரையில்தான் தொடங்கியது. விடிய விடிய ஜனங்களை உட்கார வைக்கும் பழக்கம் இந்த மண்ணில் ஏற்கெனவே இருந்தது, மேடைதான் மாறியது.

சரி, மிச்சம் என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். திருமங்கலத்தில் விசுவநாததாஸுக்கு நினைவகம் இருக்கிறது. போய்ப் பாருங்கள், தப்பில்லை. ஆனால் நீங்கள் கேட்டது அது இல்லை என்று நினைக்கிறேன். சென்னைப் பக்கம் 2018-லிருந்து கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மாதிரிக் குழுக்கள் கானாவையும் ராப்பையும் சேர்த்துச் சாதியைப் பற்றிப் பாடுகிறார்கள். அவர்களை ஸ்காட்-ஹெரனோடு ஒப்பிடுவது உங்களுக்குச் சுலபம். நான் அவர்களை விசுவநாததாஸ் வரிசையில் வைத்துத்தான் கேட்கிறேன், அவர்களுக்கே அது தெரியாவிட்டாலும்.

மதுரைப் பக்கத்தில் மிச்சம் இருப்பது அந்தக் காலி இடம்தான் என்பது என் கட்சி. அதுவும் முழுசாக இல்லை. இப்போது பல ஊரில் பபூன் டான்ஸ் முடிந்ததும் பாதிக் கூட்டம் எழுந்துவிடுகிறது, அந்த இடத்தைச் சினிமாப் பாட்டு அடைத்துக்கொள்கிறது. தர்க்கத்தை மணிக்கணக்கில் இழுக்கக்கூடியவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆனாலும் பங்குனி, சித்திரையில் ஏதாவது ஒரு கிராமத்தில் வள்ளி திருமணம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். நோட்டீஸ் பார்த்துப் போங்கள். பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிடாதீர்கள், வள்ளி பரண் ஏறுவதே அதற்கு அப்புறம்தான்.

கொரோனாவுக்கு முந்தின வருஷம் உசிலம்பட்டிக்குப் போகிற வழியில் ஒரு ஊரில் நான் அப்படி உட்கார்ந்திருந்தேன். கூட்டம் நூறு பேர்கூட இருக்காது. வள்ளி வேடம் போட்ட அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். ஆலோலம் பாடிக் கிளியை விரட்டினார், குருவியை விரட்டினார், மயிலை விரட்டினார். அப்புறம் கையை நெற்றியில் வைத்துத் தூரத்தில் பார்க்கிற மாதிரிப் பார்த்து, அதே மெட்டில் மணல் லாரியை விரட்ட ஆரம்பித்தார். ராத்திரியில் வருகிற பறவையாம், ஆற்றைக் கொத்தித் தின்கிற பறவையாம், கல்லால் அடித்தாலும் போகாதாம். ஆர்மோனியக்காரர் சிரித்துவிட்டார், ஆனால் சுருதி விடவில்லை. முன்வரிசையில் இரண்டு மூன்று பேர் மட்டும் சிரிக்கவே இல்லை.

பக்கத்தில் துண்டைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்த பெரியவரிடம், “இந்தப் பாட்டு யாருய்யா கட்டினது?” என்று கேட்டேன்.

“யாரு கட்டினதா? வள்ளி பாட்டுய்யா. எப்பவும் உள்ளதுதான்” என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.